சோர் பஜாரில் ஒரு ஜப்பானிய வாள்: வாங்கலாமா, கற்றுக்கொண்டு வாங்கலாமா?

செம்பூர்_கார்த்தி:

பழைய ஜப்பானிய வாள்கள் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? நாணயம், குத்துவிளக்கு, கடிகாரம் சேர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பது தெரியும். வாள் என்று தேடினால் ஒன்றும் வரவில்லை, அதனால் புதிதாகத் தொடங்குகிறேன்.

ஆபீஸ் வேலையாக டோக்கியோ போனபோது ரியோகோகுவில் இருக்கும் வாள் அருங்காட்சியகத்துக்கு ஒரு நண்பர் இழுத்துக்கொண்டு போனார், அன்று பிடித்த பைத்தியம் இது. இப்போது இங்கே சோர் பஜாரில், மட்டன் தெருவில், ஒரு கடையில் ஒன்று இருக்கிறது. தோல் சுற்றிய உறை, கைப்பிடியில் நாடாப் பின்னல், நடுவில் பித்தளை மாதிரி ஒரு தட்டு. உலகப்போர் சமயத்தில் பர்மாவிலிருந்து வந்தது, ஆனால் உள்ளே இருக்கும் வாள் அதைவிட ரொம்பப் பழசு என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். கைப்பிடி ஆணியைத் தட்டிக் கழற்றிக் காட்டினார், உள்ளே இரும்பில் எழுத்து வெட்டியிருக்கிறது. போட்டோ எடுத்து ஜப்பானியம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டினேன். 'நாகசோனே' என்று தொடங்கி 'கொடெட்சு' என்று முடிகிறதாம். நெட்டில் பார்த்தால் பெரிய ஆள் போலிருக்கிறது! கேட்கும் விலை மூன்று லட்சம், பேசினால் இறங்குவார். வாளில் அங்கங்கே துரு, மங்கல். நம்ம பையனிடம் கொடுத்து பஃபிங் மெஷினில் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார்.

இது நிஜமா? வாங்கலாமா? வீட்டில் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமா? இதையெல்லாம் முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, மனைவி ஏற்கெனவே முறைக்கிறாள், அதனால் கொஞ்சம் யோசித்தே பதில் சொல்லுங்கள்.

பழைய_இரும்பு:

தம்பி, முதல் வேலையாக அந்தக் கடைக்காரருக்குப் போன் போட்டு, பஃபிங் மெஷின் பக்கமே கொண்டு போகாதீர்கள் என்று சொல்லு. மீதியை அப்புறம் பேசலாம்.

ஜப்பானிய வாளின் மெருகு பளபளப்புக்காகச் செய்வது இல்லை. தோகிஷி எனப்படும் மெருகுக்காரர் ஒரு கல் மாற்றி இன்னொரு கல் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்து, கடைசியில் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மெல்லிய கல் சில்லுகளை வைத்துத் தேய்ப்பார். இரும்பின் உள்வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும், பக்கங்கள் சேரும் விளிம்புகள் கூர்மையாக நிற்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு பாடு. மெஷின் சக்கரத்தில் ஐந்து நிமிடம் பிடித்தால் அந்த விளிம்பெல்லாம் உருண்டுவிடும், சூடு ஏறினால் கூரின் கடினமே போய்விடும். அதைத் திருத்துவதற்கு ஆகும் செலவு பல சமயம் வாளின் விலையையே தாண்டும்.

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதிக்கு நகாகோ என்று பெயர். அதில் இருக்கும் துருவை யாரும் தொடக்கூடாது. கம்பி பிரஷ், உப்புத்தாள், புளி, எலுமிச்சை, எதுவும் கூடாது. வயதைச் சொல்வதற்குப் பெரிய ஆதாரமே அந்தத் துருதான். பழைய துரு கறுத்து வழவழவென்று உட்கார்ந்திருக்கும், புதுசு செங்கல் நிறத்தில் பொரபொரவென்று இருக்கும்.

கொடெட்சு என்றதும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எச்சிசென் மாகாணத்துப் பக்கத்தில் கவசம் செய்துகொண்டிருந்த மனிதர், 17ஆம் நூற்றாண்டின் நடுவில், ஐம்பது வயதை ஒட்டி, எடோ நகரத்துக்கு (இன்றைய டோக்கியோ) வந்து வாள் அடிக்கத் தொடங்கிப் பெரும் புகழ் அடைந்தவர். அதனாலேயே போலிக் கையெழுத்து அதிகம் வெட்டப்பட்ட பெயர்களில் அவர் பெயர் முன்வரிசை. கொடெட்சு என்று கண்டால் போலி என்றே நினை என்று அங்கே சேகரிப்பவர்கள் சொல்வார்கள். ஷின்செங்குமி என்ற சாமுராய்ப் படையின் தலைவர் கொண்டோ இசாமி வைத்திருந்ததாகச் சொல்லும் கொடெட்சு வாளின் மேலேயே சந்தேகம் இருக்கிறது.

ஆனால் கையெழுத்து பொய் என்பதால் வாளும் பொய் ஆகிவிடாது. நல்ல பழைய வாளில் எவனோ ஒருத்தன் விலை ஏற்றுவதற்காகப் பெரிய பெயரை வெட்டியிருப்பான். அதனால் கையெழுத்தைக் கடைசியில் பார். ஜப்பானில் பயிற்சிக் கூட்டங்களில் நகாகோவை மூடி வைத்துவிட்டுத்தான் வாளைக் கையில் கொடுப்பார்கள், மீதியைப் பார்த்தே காலம், ஊர், கொல்லர் எல்லாம் சொல்ல வேண்டும். பிஸென், யமாஷிரோ, யமாத்தோ, சோஷூ, மினோ என்று ஐந்து மரபுகள் இருக்கின்றன, படிக்கத் தொடங்கினால் இந்த ஐந்தும் வாயில் புரண்டுகொண்டே இருக்கும்.

முதலில் வடிவம். கமகுரா காலத்து (ஏறக்குறைய 1185–1333) தாச்சி என்ற நீண்ட வாள் என்றால் வளைவு கைப்பிடியை ஒட்டியே ஆழமாக இருக்கும், குதிரை மேலிருந்து வீசும் வாள் அது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் அகலமும் நீளமும் பெருத்து நுனி நீண்டுவிடுகிறது. 1500களில் ஒரு கையால் உருவி வீசுகிற வாள் வருகிறது, நீளம் அறுபது, அறுபத்தைந்து செ.மீ., நகாகோ குட்டை, வளைவு நுனிப் பக்கம். கொடெட்சு வாழ்ந்த 1660களின் வாள் இது எதுவும் இல்லை. வளைவு ரொம்பக் குறைவு, அடியில் அகலம், நுனிக்குப் போகப் போக நன்றாக ஒடுங்கும். ஆக, கையெழுத்தும் உருவமும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் உன் முதல் கேள்வி.

அடுத்த முறை போகும்போது ஒரு டேப் கொண்டு போ. நுனியிலிருந்து முதுகுப் பக்கம் இருக்கும் படிவெட்டு வரை நேர்க்கோட்டில் பிடி. 60.6 செ.மீ.க்கு மேல் என்றால் கதானா, 30.3க்கும் அதற்கும் நடுவில் வகிசாஷி, அதற்கும் கீழே தான்தோ. நகாகோவில் எத்தனை ஓட்டை, சின்ன முத்திரை ஏதாவது குத்தியிருக்கிறதா (1930, 40களில் பட்டாளத்துக்காக அடித்த மலிவு வாள்களில் இருக்கும்), எழுத்தின் பள்ளத்துக்குள்ளே துரு என்ன நிறம், இதையெல்லாம் எழுது. கூரிலிருந்து செங்குத்தாக மேலே ஏறும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பார். அது ஹகிரே, இருந்தால் வாள் செத்தது என்று வைத்துக்கொள். வெறுங்கையால் இரும்பைத் தொடாதே, வாளுக்கு மேலே பேசாதே, எச்சில் ஒரு துளி பட்டாலே துரு பிடிக்கும்.

வக்கீல்_வாசு:

அண்ணா வாளை மட்டும் பார்க்கிறார், நான் போலீஸைப் பார்க்கிறேன் :)

2016 ஆயுத விதிகளின் அட்டவணையில் ஐந்தாம் வகை என்று ஒன்று உண்டு. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள வாள், ஈட்டி, கத்தி எல்லாம் அதில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை மட்டும் விலக்கு. கதானாவை அருவாமனை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எனவே வாங்கும் முன்னால் லைசென்ஸ் விஷயத்தைக் கமிஷனர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இது தவிர மகாராஷ்டிர காவல் சட்டம் 37ஆம் பிரிவின்படி மும்பை போலீஸ் அவ்வப்போது தடை உத்தரவு போடும், வாள் எடுத்துப் போவதும் அதில் அடங்கும். கிட்டார் பையில் போட்டு ஹார்பர் லைனில் கொண்டு வரலாம் என்று நினைப்பே வேண்டாம்.

நூறு வருடத்துக்கு மேல் பழசு என்றால் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டமும் வருகிறது. தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்பவர் அதற்கென்று தனி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், கடைக்காரரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். தனிநபர் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. வாங்கிய பிறகு ஜப்பானுக்கு அனுப்பி மெருகு போட்டு வாங்கலாம் என்ற திட்டம் அங்கேயே முடிந்தது. பலர் இதை வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள்.

ஜப்பானிலிருந்து நேராக வரவழைப்பதும் சுலபமில்லை. அங்கே ஒவ்வொரு வாளுக்கும் பதிவுத் தாள் உண்டு, வெளியே அனுப்பக் கலாசார முகமையின் அனுமதி வேண்டும், நல்ல வியாபாரிகள் அதை அவர்களே வாங்கித் தருவார்கள். சிக்கல் நம்ம பக்கம். ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி இறக்குமதி லைசென்ஸ் இல்லாமல் வந்தால் சுங்கத்தில் உட்கார்ந்துவிடும்.

உலைக்களம்_பவாய்:

நான் உலோகவியல் ஆள், வாள் வாங்க வசதி இல்லை, பார்க்க மட்டும் பிடிக்கும். கார்த்தி கேட்ட 'எப்படிக் கற்றுக்கொள்வது' என்பதற்கு என் பக்கப் பதில்.

வாளின் கூர்விளிம்பை ஒட்டி வெள்ளையாக ஓடுகிற கோடு ஹாமொன். வாளுக்குக் களிமண் பூசும்போது முதுகில் தடிமனாகவும் கூரில் மெல்லிசாகவும் பூசிச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்குவார்கள். கூர் சட்டென்று குளிர்ந்து மார்டென்சைட் என்ற மிகக் கடினமான உருக்கு ஆகிறது, முதுகு மெதுவாகக் குளிர்ந்து மிருதுவாகவே நிற்கிறது, கூர்ப்பக்கம் விரிவதால் வாள் பின்பக்கமாக வளைந்தும் கொள்கிறது. நம்ம ஊர்ப் பட்டறையில் அரிவாளுக்குத் துவைச்சல் கொடுப்பதும் இதே இயற்பியல்தான். ஆனால் எந்த இடம் எவ்வளவு வேகத்தில் குளிர வேண்டும் என்று களிமண்ணிலேயே வரைந்து வைக்கிறார்களே, அங்கேதான் நான் விழுந்தேன். அந்த எல்லையில் தனித்தனியாக மின்னும் பொடி தெரிந்தால் நியே, பிரித்தறிய முடியாத பனிமூட்டமாக இருந்தால் நியோய். பிஸென் வாள்களில் பெரும்பாலும் நியோய், மாஸமுனே என்ற பெரிய கொல்லர் வழி வந்த சோஷூ வாள்களில் நியே தாராளம்.

இதைப் பார்க்க டியூப்லைட் உதவாது. மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு சின்ன பல்பு, வாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி பல்பை நோக்கி நீட்டி மெல்லச் சாய்க்க வேண்டும். ஒரு கோணத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு நூல் சாய்த்ததும் கோட்டுக்குள் பொடிப்பொடியாகத் தெரியத் தொடங்கும். கோணத்தை மாற்றினால் உடல் பகுதியில் ஹாதா, அதாவது மடித்து அடித்ததால் வந்த வரி, தெரியும். இழைத்த தேக்குப் பலகையின் ரேகை போலச் சில வாளில் நேராக, சிலதில் சுழித்து. ஆசிட் ஊற்றிச் செய்த போலி ஹாமொன் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே வெள்ளை, உள்ளே எதுவும் நடக்காது.

'ஆயிரம் முறை மடித்தது' என்று விளம்பரம் கண்டால் ஓடிவிடுங்கள். பத்து முறை மடித்தாலே ஆயிரத்துச் சொச்சம் அடுக்கு வந்துவிடும், வழக்கமாகப் பத்து பதினைந்து முறை மடிப்பதோடு சரி. இரும்பு மணலும் கரியும் போட்டு மூன்று இரவு பகல் எரிக்கும் தத்தாரா உலை ஷிமானே பக்கத்தில் ஒகுஇஸுமோவில் 1977இல் மறுபடி தொடங்கி இன்றும் குளிர்காலத்தில் ஓடுகிறது, இன்றைய வாள் கொல்லர்களுக்கு உருக்கு அங்கிருந்துதான் போகிறது.

தஞ்சை_டொம்பிவிலி:

எல்லாம் சரி, நம்மிடம் இல்லாத வாளா? உலகத்துக்கே உருக்கு அனுப்பிய ஊர் நாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதங்கள் இருக்கின்றன, அதை எட்டிப் பார்க்க ஆளில்லை, ஜப்பான்காரன் வாளுக்கு மூன்று லட்சமா?

பழைய_இரும்பு:

தஞ்சை, உன் கோபம் நியாயம்தான், ஆனால் கார்த்தி மேல் காட்டாதே. 1855இல் தஞ்சை அரசு முடிந்த பிறகு அரண்மனை ஆயுதசாலையில் நல்லதாக இருந்ததைச் சென்னைக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். ஜப்பானுக்கும் அதே கதி வரத்தான் இருந்தது. 1945க்குப் பிறகு அமெரிக்கப் படை வாள்களைப் பறித்துக் குவித்தது, ஏராளமானவை அழிந்தன. அங்கே ஆட்கள் சண்டை போட்டுக் கலைப்பொருள் என்று நிரூபித்தார்கள், 1948இல் வாள் பாதுகாப்புச் சங்கமே தொடங்கினார்கள், கார்த்தி போன ரியோகோகு அருங்காட்சியகம் அவர்களுடையது. என்.பி.டி.எச்.கே. தாள் என்று எல்லா வியாபாரியும் சொல்வது அந்தச் சங்கம் தரும் சான்று. ஹோஸொன், தொகுபெட்சு ஹோஸொன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ என்று ஏறிக்கொண்டே போகும்.

நம்ம வாளில் செய்தவன் பெயர் பெரும்பாலும் இருக்காது, யார் அடித்தது என்று நூற்றாண்டு நூற்றாண்டாக எழுதி வைத்த ஆளும் இல்லை. அவர்களிடம் இருக்கிறது. படிக்க அது வசதி, அவ்வளவுதான், இரும்பில் நாம் குறைச்சல் என்று யாரும் சொல்லவில்லை. நீ கோட்டை பக்கம் வந்தால் முன்னாள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் ஆயுதக் கூடத்தைப் பார், அக்பரின் மார்புக் கவசமும் கேடயமும் இருக்கின்றன. ஜப்பானிய வாள்தான் வேண்டும் என்றால் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம்.

மீரா_முலுண்ட்:

பேச்சு வாளிலேயே சுற்றுவதால் குறுக்கே வருகிறேன். நான் சேர்ப்பது ட்சூபா, அதாவது கைப்பிடிக்கும் வாளுக்கும் நடுவில் இருக்கும் காப்புத் தட்டு. மும்பையில் அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு இந்தப் பழக்கத்தைத் தொடங்க இதைவிடச் சரியான வழி இல்லை என்பது என் கட்சி, பழைய இரும்பு அண்ணா ஒத்துக்கொள்ள மாட்டார்.

உள்ளங்கையில் அடங்கும், யாரையும் வெட்டாது, குழந்தை எடுத்தாலும் பயமில்லை. இரும்பில் துளையிட்டு நாரையும் கொடியும் செதுக்கியது ஒரு வகை. செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்து ஊறவைத்து நீலக் கறுப்பு ஏற்றிய ஷகுடோ இன்னொரு வகை, கோத்தோ குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக, ஜப்பானை ஆண்ட படைத் தலைவர்களான ஷோகன்களுக்கு இதில் வேலை செய்தார்கள். 1876இல் பொது இடத்தில் வாள் தரிக்கத் தடை வந்ததும் இந்தக் கைவினைஞர்கள் பலர் வெளிநாட்டு ஏற்றுமதிக்குப் பூச்சாடி, பெட்டி என்று செய்யப் போனார்கள், அந்தக் கதையே தனி.

போலி இதிலும் உண்டு. துளைகளின் உள்சுவரை லென்ஸ் வைத்துப் பார்த்தால் வார்ப்புக் கோடு தெரியும், செதுக்கியதில் அது இருக்காது. நடுவில் வாள் நுழையும் துளையின் ஓரத்தில் உளியால் தட்டி இறுக்கிய தடம் இருந்தால் ஒரு காலத்தில் நிஜ வாளில் உட்கார்ந்திருந்தது என்று ஓரளவு நம்பலாம். ஓரளவுதான், ஏனென்றால் அதையும் தட்டி விற்கிறார்கள்.

அப்புறம் வாள் துடைக்க உச்சிகோ பொடி (மெருகுக் கல்லை அரைத்த தூள்) தட்டச் சொல்லி அண்ணா கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நல்ல மெருகில் இருக்கும் வாளில் அந்தப் பொடி மெல்லிய கீறல் போடும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் போதும்.

பழைய_இரும்பு:

நல்ல பொடியாக இருந்தால் கீறாது, காலங்காலமாக அதில்தான் துடைத்தார்கள். ஆனால் நெட்டில் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் டப்பாவைச் சொன்னால் மீரா சொல்வது சரி, அது உப்புத்தாளுக்குச் சமம். ட்சூபா விஷயத்தில் சண்டைக்கு வரவில்லை.

வக்கீல்_வாசு:

மீரா, சுங்கத்தில் வாளுக்கான தலைப்பு 9307, அதில் வாளின் பாகங்களும் உறையும் கூடச் சேர்த்தே எழுதியிருக்கிறது. நூறு வருடம் தாண்டிய தொல்பொருளுக்கு 9706. அதனால் ட்சூபா வரவழைக்கும்போது வயதைக் காட்டும் தாளோடு தொல்பொருள் என்று எழுதச் சொல்லுங்கள், வெறுமனே 'சாமுராய் வாள் பாகம்' என்று எழுதி அனுப்பினால் யாருக்கும் புரியாது.

செம்பூர்_கார்த்தி:

எல்லாருக்கும் நன்றி. மறுபடி போய் அளந்தேன். நீளம் 63 செ.மீ. வளைவு நுனிப் பக்கம்தான் அதிகம். நகாகோ குட்டை, ஓட்டை இரண்டு, முத்திரை எதுவும் இல்லை. நகாகோ முழுக்கக் கறுப்பு, ஆனால் எழுத்தின் பள்ளம் மட்டும் செம்மண் நிறம். இன்னொன்று கவனித்தேன் சார், இரண்டாவது ஓட்டை பக்கத்தில் வரும் எழுத்தின் ஒரு கோடு ஓட்டையைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது. லைசென்ஸ் கேட்டதும் கடைக்காரர் சாய் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். பஃபிங் போடவில்லை, நிறுத்திவிட்டேன்.

பழைய_இரும்பு:

ஒதுங்கிப் போகும் கோட்டை நீயே பார்த்தாயா? சபாஷ். அந்த இரண்டாவது ஓட்டை பின்னால் வேறு கைப்பிடி மாட்டும்போது போட்டதாக இருக்க வேண்டும், எழுத்து அதை விலகிப் போகிறது என்றால் அதற்கும் பிறகு வெட்டிய எழுத்து. சிவப்புத் துருவும் அதையே சொல்கிறது. கொடெட்சு இல்லை.

நீ சொன்ன உருவம் 1500களோடு ஒத்துப்போகிறது, நிஜமாகவே பழைய வாளாக இருக்கலாம், போரில் தாத்தாவின் வாளைப் பட்டாள உறையில் மாட்டி எடுத்துப் போன அதிகாரிகள் நிறைய உண்டு. கையெழுத்து இல்லாமல் இருந்திருந்தால் எனக்கே ஆசை வந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் சண்டைக்காக மொத்தமாக அடித்துத் தள்ளிய வாள்கள் ஏராளம், வயது ஐநூறு என்பதற்காக விலை வந்துவிடாது. அவர் கேட்கும் மூன்று லட்சம் அந்தப் பெயருக்கு. அதே பணத்துக்கு ஜப்பானில் தாளோடு ஒரு வகிசாஷி கிடைக்கும், அதையும் வாசு சொன்ன காரணத்தால் இங்கே கொண்டுவர முடியாது என்பது வேறு விஷயம். விட்டுவிடு. ராத்திரியில் ஜப்பான் தேசிய அருங்காட்சியகங்களின் கோல்பேஸ் தளத்தைத் திற, பெரிய படங்கள், இலவசம். கையெழுத்தை மறைத்துக்கொண்டு காலத்தைச் சொல்லிப் பார்.

செம்பூர்_கார்த்தி:

சரி சார், விட்டாச்சு. மீரா, இரும்பு ட்சூபாவை ஜூலை மாதம் செம்பூரில் எப்படி வைத்துக்கொள்வது? எங்கள் வீட்டில் தோசைக்கல்லே இரண்டு நாளில் சிவந்துவிடுகிறது. எண்ணெய் தடவலாமா?

மீரா_முலுண்ட்:

எண்ணெய் வேண்டாம், அந்தக் கறுப்பு மேல் தூசி பிசுபிசுவென்று ஒட்டும். தேங்காய் எண்ணெய் என்று நினைத்தால் இப்போதே மறந்துவிடுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியால் வாரத்தில் ஒருநாள் டிவி பார்த்துக்கொண்டே தேய்த்தால் போதும், நாளாக நாளாக நிறம் ஆழமாகும். சிவப்புத் துரு புள்ளி வந்தால் எலும்பு அல்லது மான்கொம்புத் துண்டால் சுரண்டுவார்கள், மான்கொம்பு இங்கே சட்டச் சிக்கல், வாசு கத்துவார், ஆட்டெலும்பு போதும். மரப்பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பிளாஸ்டிக் பையிலும் ஃபோமிலும் வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.